சுண்டக்குழம்பின் மேல் ஒரு புகார்

1

இன்று காலை ஃப்ரிட்ஜைத் திறந்து மூன்று டப்பாக்களையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். ஒன்றில் வாத்துக்கறி, ஒன்றில் சிவப்பு முட்டைக்கோஸ், இன்னொன்றில் உருளைக்கிழங்கு உருண்டைகள். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் இன்னொரு முறை மோந்தேன். எதன் மேலும் ஒரே தடவையில் நம்பிக்கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியை நான் நம்ப மாட்டேன். மழை வராது என்று டிவியில் சொன்னால் குடை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். "கண்டிப்பா வர்றேன்மா" என்று மகள் சொன்னால், அவள் ரயிலில் உட்கார்ந்திருக்கும் படம் வரும்வரை நம்ப மாட்டேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ அலமு, தப்பா இங்க வந்துட்ட" என்று என் கணவர் சேகர் கேலி செய்வார். அவருக்குச் சொந்த ஊர் சந்தவாசல். எனக்கு ஜமுனாமரத்தூருக்கு அப்பால், மலைமேல் ஒரு சின்ன ஊர். ஜெர்மனியின் தெற்கே இந்தச் சிறு நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் இயந்திரத் தொழிற்சாலையில் இருக்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மகள் மதி முதல் வகுப்பில் இருந்தபோது, பண்டிகைக்கு உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று டீச்சர் எல்லாரையும் கேட்டிருக்கிறார். இவள் எலுமிச்சைச் சோறு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள். அடுத்த வருடத்திலிருந்து வாத்து வாங்க ஆரம்பித்தோம். இப்போது அவள் நாலு மணி நேரத் தூரத்தில் படிக்கிறாள். முந்தாநாள் இரவு விருந்துக்கு வருவதாக இருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குச் செய்தி அனுப்பினாள்: தோழி வீட்டில் சாப்பிடுகிறாளாம், புது வருடத்துக்குப் பிறகு வருகிறாளாம். ஐந்து கிலோ வாத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

இந்த ஊர்க்காரர்கள் மீந்த வாத்தை ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவார்கள். நான் எலும்பிலிருந்து கறியைப் பிய்த்தெடுத்தேன். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வடகத்தைத் தாளித்து, பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, மலையிலிருந்து கொண்டுவந்த புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். கொதி வந்ததும் கறி, முட்டைக்கோஸ், வாத்து வெந்தபோது இறங்கிய சாறு எல்லாவற்றையும் அதிலேயே கொட்டி, அடுப்பைச் சிறிதாக்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுண்டி, கறுத்து, எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கியது. முட்டைக்கோஸின் தித்திப்பைப் புளி அடக்கிவிட்டது. உருளைக்கிழங்கு உருண்டைகளை வட்டமாக நறுக்கி, கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தோசைக்கல்லில் முறுகலாக எடுத்தேன். களிக்குப் பதில் அது.

பண்டிகையில் மீந்ததையெல்லாம் சுண்டவைக்கிற சுண்டக்குழம்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குழம்பை ஒரு குற்றச்சாட்டாக எழுதி, கோப்பில் வைத்து, ஒரு அரசாங்கத்திடம் கொடுக்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போன பிறகு அவர் என் அண்ணன் ஏழுமலையோடு மலையில் இருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"இன்னா துன்ன நைனா?"

"களி."

"தொட்டுக்க?"

"சுண்டக்குழம்பு."

"நேத்தும் அதானே துன்ன?"

"எனக்குப் புடிச்சிருக்குது."

முதல் தடவை சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை மனதில் குறித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை தாளிலேயே குறிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு முதியவர் பெயரிலும் ஒரு அட்டவணை உண்டு. காலையில் என்ன, மதியம் என்ன, எவ்வளவு சாப்பிட்டார், கால்வாசியா பாதியா, எல்லாம் எழுத வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியம்மாள் சூப் குடித்து ரொட்டி சாப்பிட்டதை, மாடு தின்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல்லால் எழுதிவிட்டேன். எங்கள் மலையில் மனுசனும் மாடும் துன்றதுதானே, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தலைமைச் செவிலி என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அதிலிருந்து அட்டவணை எழுதுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அதே தாளில் ஒன்றை எடுத்து, மேலே நைனாவின் பெயரை எழுதினேன்.

ஆறு மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. சாதாரண நாளில் கீரை, அவரை, கருவாடு, முட்டை என்று நைனாவுக்கு எல்லாம் கிடைக்கிறது. பண்டிகை வந்துவிட்டால் மட்டும் பழசு. ஆடித் திருவிழாவுக்குப் பிறகு இரண்டு நாள் சுண்டக்குழம்பு. தீபாவளிக்குப் பிறகு மூன்று நாள். கார்த்திகைக்குப் பிறகு இரண்டு நாள். அண்ணன் பிள்ளைகளின் தட்டில் அதே நேரத்தில் சூடாகத் தோசை இருந்ததை வீடியோவில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். சமையல்கட்டு மேடையில் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்று. போன் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அண்ணி பூங்காவனம் ஓடிவந்து அதை மறைத்துக்கொண்டு நிற்பாள். அண்ணி தங்கமானவள் என்று ஊரே சொல்லும். ஊரே ஒருத்தியைத் தங்கம் என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "அண்ணி, நைனாவுக்கு இன்னிக்கு இன்னா ஆக்கினீங்க?"

"மாமாவுக்கு இன்னா வேணும்னு கேட்டாரோ அதான்" என்றாள். உடனே சிக்னல் போய்விட்டது. சிக்னல் தானாகப் போனதா, இவள் போக வைத்தாளா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நைனாவை அந்த வீட்டிலிருந்து பிரித்து இங்கே கூட்டிவந்துவிட வேண்டும். அண்ணனோடு உறவு அறுந்தால் அறுந்துபோகட்டும். மலையில் பிறந்து மலையிலேயே இருந்த எண்பது வயது மனிதர் இந்தப் பனியில் என்ன செய்வார் என்று சேகர் கேட்டார். பசியோடு இருப்பதற்குப் பனியில் இருக்கலாம் என்றேன்.

3

வயதான பெற்றோரை இந்த நாட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே அவரைக் கவனிக்க ஆளில்லை, அவர் அல்லல்படுகிறார் என்று காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் ஆலோசனை மையம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கிருந்த நரைத்த தலை அம்மாளிடம் என் அட்டவணைகளைப் பரப்பி வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"உங்கள் அப்பாவுக்குத் தினமும் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறது, அப்படித்தானே?"

"கிடைக்கிறது. ஆனால் நேற்றையது."

"நாங்களும் கிறிஸ்துமஸ் வாத்தை மூன்று நாள் சாப்பிடுவோமே! இரண்டாம் நாள்தான் ருசியே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புதியதைப் போட்டு, வீட்டுப் பெரியவருக்குப் பழையதைப் போடுவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அவமானத்தை எழுத இதில் கட்டம் இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். படம் எடுத்து வாருங்கள். உங்கள் அப்பாவிடம் இதில் ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். பார்க்கலாம்" என்றார். படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

4

போன பொங்கலுக்கு நான் மட்டும் கிளம்பினேன். சேகருக்கு லீவு இல்லை. மதிக்குப் பரீட்சை என்றாள். அதையும் நான் பாதிதான் நம்பினேன். சந்தவாசலில் சேகரின் தம்பி வீட்டில் இறங்கி, மலைக்கு யாரும் போன் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போனால் சட்டியை ஒளித்துவிடுவார்கள் அல்லவா? பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கழியட்டும் என்று காத்திருந்து, மூன்றாம் நாள் போளூரில் மலை பஸ் ஏறினேன். அருவி பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது. வளைவுக்கு வளைவு யார் மேலாவது விழுந்துகொண்டே, அண்ணியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனபோது உச்சி வெயில். அண்ணன் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அண்ணனும் பிள்ளைகளும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா. மடியில் தட்டு. தட்டில் களி, அதன் நடுவில் கறுப்பாகச் சுண்டக்குழம்பு.

நான் அவரைக் கூப்பிடவில்லை. முதலில் போனை நீட்டினேன்; அவர் நிமிர்ந்த நொடியில் படம் எடுத்தேன்.

நைனா என்னையே பார்த்தார். களி உருண்டை கையிலேயே நின்றது. "யாரு… அலமுவா?" என்றார்.

"நானேதான். நைனாவுக்கு முந்தாநாளுது, உங்களுக்கெல்லாம் இன்னிக்குதா?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான். "வந்ததும் வராததுமா இன்னா இது? செருப்பக்கூட கழட்டல நீ!"

நான் எதற்குக் கழட்ட வேண்டும்? கைப்பையைத் திறந்து அட்டவணைகளை எடுத்தேன். ஆடியில் இரண்டு நாள், தீபாவளிக்கு மூன்று நாள், கார்த்திகைக்கு இரண்டு நாள் என்று உரக்கப் படித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், சாட்சிக்கு ஆகும் என்று இன்னும் சத்தமாகப் படித்தேன். அண்ணி ஈரக்கையோடு சமையல்கட்டு வாசலில் நின்று ஒரு வரி விடாமல் கேட்டாள்.

"முடிச்சிட்டியா அலமு?"

"முடிச்சிட்டேன்."

அவள் உள்ளே போய் அந்தத் தூக்கை எடுத்துவந்தாள். நான் போனில் பார்த்த அதே தூக்கு. என் காலடியில் வைத்தாள். "இது யாரு பங்குன்னு உங்க நைனாவையே கேளு."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "இத ஏம்மா இப்ப எடுத்தாந்த?" என்று மருமகளைக் கடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "உன்னோடதும்மா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, கையிலிருந்த அட்டவணைகளைக் கைப்பைக்குள் திணித்தேன்.

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை அது. எங்கள் ஊரில் பாதிப்பேர் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பண்டிகை நாளில் வீட்டில் யார் இல்லையோ அவர்களுடைய பங்கை, மற்றவர்கள் வாயில் வைப்பதற்கு முன்னால் எடுத்துத் தூக்கில் மூடிவிடுவார்கள். கடைசி பஸ் வரும்வரை அது அவர்களுக்கென்று இருக்கும். வரவில்லை என்றால் மறுநாள் அதைக் கொட்டக்கூடாது. கொட்டினால் போனவர்கள் திரும்பி வருகிற வழி அடைபடும் என்பார்கள். பிள்ளைகளுக்கும் போடக்கூடாது. சட்டியில் ஊற்றிச் சுண்டவைத்து, திரும்பத் தூக்கிலேயே மூடிவைத்து, தீரும்வரை வீட்டில் மூத்தவர் ஒருவரே சாப்பிட வேண்டும். செங்கத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது கடைசி பஸ்ஸில் வந்து, இதே மாதிரி ஒரு தூக்கிலிருந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் வர முடியாத தேசத்துக்குப் போனவளுக்கும், இருபது வருடத்துக்கும் மேலாக, ஒவ்வொரு பண்டிகைக்கும் எடுத்து வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டு நாளு, மூணு நாளுன்னு எழுதி வச்சிருக்கியே," என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம் இருந்தது, இருக்காதா பின்னே? "உனக்கு ஒரு பங்கு, உன் வூட்டுக்காரருக்கு ஒரு பங்கு, மதிக்கு ஒரு பங்கு. மூணு பேரு பங்க, பல்லு இல்லாத மனுசன் ஒரே நாள்ல துன்ன முடியுமா? அதான் அத்தினி நாளு."

"நாங்க ஒரு வாய் கேட்டாலும் தர மாட்டாரு" என்றான் அண்ணன். "உன் பங்குதான் உன் தட்டுல கீதே, அது அவ பங்குன்னுவாரு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணி?"

"ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன். மாமாதான், அவளுக்குத் தெரிஞ்சா அங்க ஒண்டியா ஒக்காந்து அழுவா, சொல்லாதன்னுட்டாரு. நீ போன்ல பாத்துடப் போறேன்னு இந்தத் தூக்குக்கு முன்னாடி நின்னு நின்னு என் முதுகே தேஞ்சி போச்சி, போ."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆறு மாதமாக இவர்களுக்கு எதிராக நான் எழுதிச் சேர்த்தது என் சாப்பாட்டை.

அண்ணி தட்டு எடுத்துவந்தாள். "செருப்பக் கழட்டிட்டு வந்து கை கழுவு. இந்த வாட்டி ஆளே வந்துட்ட. உன் பங்க நீயே துன்னு."

சாப்பிட்டேன். பரங்கிக்காயும் மொச்சையும் கத்தரிக்காயும் எது எதுவென்று தெரியாமல் ஒன்றாகிப்போயிருந்தன. புளியும் காரமும் நாக்கில் ஏறின. நான் கடைசிக் கவளம் சாப்பிடும்வரை நைனா தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்துக் காட்டினேன். இப்போது புகார் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஆசை போகவில்லையே. "என்கூட வந்துடேன் நைனா. அங்க உன்ன நல்லா பாத்துக்குறேன்."

அவர் படிவத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நான் அங்க வந்துட்டா, இங்க உன் பங்க யாரு துன்றது?"

படிவத்தை மறுபடி நாலாக மடித்தேன். மறுநாள் அண்ணி சொல்லச் சொல்ல, சுண்டக்குழம்புப் பக்குவத்தை அதே படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஆலோசனை மையத்து அம்மாளிடம் கையெழுத்து தேவைப்படவில்லை என்று மட்டும் சொன்னேன். வாசலில் நின்று எடுத்த அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கையில் களியோடு நைனா, வந்தது யார் என்று பார்க்கிறார். நான் என்ன நினைத்துக்கொண்டு அதை எடுத்தேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

5

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மதி வீடியோவில் வந்தாள். மேசையில் சேகருக்குப் புதிதாக வார்த்த தோசை. எனக்கு உருளை வறுவலும் கறுத்த குழம்பும்.

முந்தாநாள் சாயங்காலம் அவள் செய்தி வந்த பிறகும், நானும் சேகரும் கை வைப்பதற்கு முன்னால், வாத்தின் தொடைக்கறியில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். முட்டைக்கோஸும் உருண்டையும் எடுத்தேன். மூன்று டப்பாக்களில் மூடி மேசைமேல் வைத்தேன். அவள் ஊரிலிருந்து கடைசி ரயில் வந்து போன பிறகுதான் அவற்றை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். சேகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்று காலை, "எனக்கும் கொஞ்சம் போடேன்" என்றார். தர மாட்டேன் என்றுவிட்டேன்.

"அம்மா, அது என்ன?" மதி கேமராவுக்குக் கிட்டே வந்தாள். அவள் தமிழ் வர வர மெலிந்துகொண்டே போகிறது. "அது முந்தாநேத்து வாத்து இல்ல? பப்பாவுக்கு மட்டும் புது தோசை. உனக்கு ஏன் பழசு?"

"சும்மாதான்."

"பப்பா! அம்மாவுக்கு நீங்க ஒண்ணுமே செஞ்சு தர மாட்டீங்களா?"

சேகர் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

"எனக்குப் புடிச்சிருக்குது" என்றேன்.

மதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையும் தட்டையும் சேகரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சொல்கூட நம்பவில்லை. என் மகள்தானே, எப்படி நம்புவாள்?